லேப்டாப் ஓரத்தில் இருக்கும் ஓட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யார் புது லேப்டாப் வாங்கினாலும் இரண்டே நாளில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்துவிடும். லேப்டாப்பின் ஓரத்தை ரொம்பக் கிட்டத்தில் வைத்து எடுத்த, பாதி மங்கலான போட்டோ, கீழே "இது என்ன ஓட்டை?" என்று ஒரு வரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்து அலுத்துப்போய், திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில்: ஓட்டையின் வடிவம் வேறு, அதற்குள் ஓடுவது வேறு. உங்கள் லேப்டாப்பிலும் பக்கத்து வீட்டுக்காரர் லேப்டாப்பிலும் ஒரே வடிவத்தில் ஓட்டை இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நம்பிக் கேபிள் வாங்கப் போகாதீர்கள்.

யூஎஸ்பி எல்லாம் ஒன்றுதானே? என் லேப்டாப்பில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று நீலமாகவும் இருக்கிறதே?

பென்டிரைவ் சொருகுகிறோமே, அந்தத் தட்டையான செவ்வக ஓட்டைக்கு டைப்-ஏ என்று பெயர். 1996இல் யூஎஸ்பி வந்தபோது இருந்த அதே வடிவம்தான் இன்றைக்கும், ஆனால் உள்ளே நிறைய மாறிவிட்டது. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0வில் நான்கு பின்கள் (உள்ளே தெரிகிற உலோகப் பட்டைகள்), அதிகபட்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2008இல் வந்த 3.0வில் அந்த நான்குக்குப் பின்னால் இன்னும் ஐந்து பின்களை வைத்து வேகத்தை 5 ஜிகாபிட்டாக (5000 மெகாபிட்) ஏற்றினார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்குக்கு நீல நிறம் கொடுத்தார்கள். ஆனால் நிறம் கட்டாயம் இல்லை, அழகுக்காக எல்லாவற்றையும் கறுப்பாகவே வைக்கிற கம்பெனிகளும் உண்டு. நிறத்தைவிடப் பக்கத்தில் பொறித்திருக்கும் குறியை நம்புங்கள். மூன்று முனை கொண்ட சூலம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதோடு ஆங்கில எஸ் எழுத்து இரண்டு சேர்ந்து இருந்தால் அது வேகமான போர்ட்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 4 ஜிபி படம் ஒன்றை 2.0 போர்ட்டில் ஏற்ற நடைமுறையில் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். அதையே 5 ஜிகாபிட் போர்ட்டில் நல்ல எஸ்எஸ்டி (உள்ளே சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றை மாட்டி ஏற்றினால் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும். நல்ல எஸ்எஸ்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவான பென்டிரைவை எவ்வளவு வேகமான போர்ட்டில் சொருகினாலும் அது தன் வேகத்தில்தான் எழுதும்.

அப்புறம், மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் இவற்றுக்கெல்லாம் மெதுவான போர்ட்டே தாராளம். நீலத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு விட்டுவையுங்கள்.

3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர் பார்த்தேன். எது வேகம்?

மூன்றும் ஒன்றுதான். நிஜமாகத்தான் சொல்கிறேன். 2008இல் 3.0 என்று வந்த அதே 5 ஜிகாபிட்டுக்கு 3.1 வந்தபோது "3.1 ஜென் 1" என்று பெயர் மாற்றினார்கள், 3.2 வந்தபோது "3.2 ஜென் 1" ஆனது. ஒரே ஆளுக்கு மூன்று ரேஷன் கார்டு. 3.2 ஜென் 2 என்றால் 10 ஜிகாபிட், அதன் பின்னால் 2x2 என்றும் சேர்த்திருந்தால் 20. இந்தக் கூத்து அவர்களுக்கே பொறுக்காமல், 2022இல் பெட்டிமேல் பெயரை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் போடுங்கள் என்று யூஎஸ்பி அமைப்பே கம்பெனிகளிடம் சொன்னது. ஆகவே வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், "எத்தனை ஜிகாபிட்" என்று பாருங்கள்.

டைப்-ஏயை ஏன் எப்போதும் தலைகீழாகவே சொருகுகிறோம்? இரண்டு பக்கமும் போகிற மாதிரி முதலிலேயே செய்திருக்கலாமே?

செய்திருக்கலாம், காசுதான் பிரச்சினை. யூஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவின் முக்கியப் பொறியாளர் அஜய் பட், பரோடா பல்கலைக்கழகத்தில் படித்த நம் நாட்டுக்காரர். இரண்டு பக்கமும் சொருகும்படி செய்திருந்தால் கம்பியும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும், அந்தக் காலத்தில் விலை குறைவாக இருந்தால்தான் எல்லாக் கம்பெனியும் ஏற்றுக்கொண்டிருக்கும் என்பது அவர் சொன்ன விளக்கம். ஒரு வழி சொல்கிறேன்: பெரும்பாலான லேப்டாப்புகளில் பிளக்கின் மேல் சூலக் குறி இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். மற்றபடி, போகவில்லை என்றால் திருப்புங்கள், அழுத்தாதீர்கள்.

டைப்-சி இருந்தால் எல்லாம் செய்யலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் டிவியில் படமே வரவில்லை. ஏன்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டைப்-சி என்பது 2014இல் வந்த ஒரு ஓட்டையின் வடிவம். சின்னதாக, ஓரம் உருண்டையாக, எந்தப் பக்கமும் சொருகலாம், உள்ளே 24 பின்கள். அவ்வளவுதான். அந்த 24 பின்களில் எதையெல்லாம் உள்ளே நிஜமாக வயர் போட்டு இணைத்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும், ஏன் ஒரே கம்பெனியில் ஒவ்வொரு மாடலும், தானே எடுக்கிற முடிவு. டேட்டா மட்டும் போகிற டைப்-சி உண்டு. டேட்டாவும் சார்ஜும் போகிறது உண்டு, ஆனால் படம் போகாது. படம் போகும், சார்ஜ் ஏறாது என்பதும் உண்டு. எல்லாம் போகிறதும் உண்டு. ஒரே லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டைப்-சி வைத்து ஒன்றில் மட்டும் படம் போகிற மாதிரி செய்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

படம் வர வேண்டும் என்றால் அந்தப் போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற டைப்-சி டூ எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் இதை நம்பித்தான் வேலை செய்கின்றன. லேப்டாப்பில் அது இல்லாவிட்டால் 500 ரூபாய் கன்வெர்ட்டரும் வேலை செய்யாது, 5000 ரூபாய் கன்வெர்ட்டரும் வேலை செய்யாது. விதிவிலக்கு ஒன்று: டிஸ்ப்ளேலிங்க் என்ற சிப் வைத்த அடாப்டர்கள், டிரைவர் போட்டுச் சாதாரண யூஎஸ்பி வழியாகவே படத்தை அனுப்பிவிடும். விலை கூடுதல், எக்செல் பார்க்கப் பரவாயில்லை, கேம் ஆட உதவாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்டைக்குப் பக்கத்தில் பாருங்கள். ஆங்கில டி, பி இரண்டும் பிணைந்த மாதிரி ஒரு குறி இருந்தால் படம் போகும். அம்பு முனையோடு மின்னல் இருந்தால் தண்டர்போல்ட், அதிலும் படம் போகும். பிளக் அல்லது பேட்டரி படம் இருந்தால் சார்ஜ் ஏற வாய்ப்பு அதிகம். ஒன்றுமே இல்லை என்றால்? லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணை எடுத்து, கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். விற்கிற தளத்தில் போட்டிருக்கும் விவரத்தை நான் நம்புவதில்லை, அங்கே "டைப்-சி: 1" என்பதோடு முடித்துவிடுவார்கள்.

மின்னல் குறி என் சாதா யூஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்திலும் இருக்கிறதே, அதுவும் தண்டர்போல்ட்டா?

இல்லை. டைப்-ஏ வடிவத்தில் தண்டர்போல்ட் கிடையாது. அங்கே மின்னலோ பேட்டரியோ இருந்தால், லேப்டாப் தூங்கும்போதும் அல்லது அணைத்திருக்கும்போதும் அந்தப் போர்ட்டில் கரண்ட் வரும், போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம். சில மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய் இதை இயக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் தண்டர்போல்ட் என்பது என்ன, எனக்குத் தேவையா?

இன்டெல் கொண்டுவந்தது, 2011இல் மேக்புக் ப்ரோவில் முதலில் வந்தது. அப்போது அதற்கு வேறு வடிவம். 2015இல் தண்டர்போல்ட் 3 வந்தபோது டைப்-சி வடிவத்துக்கே மாறிவிட்டது, வேகம் 40 ஜிகாபிட். 4க்கும் அதே 40தான், ஆனால் இரண்டு 4கே மானிட்டருக்குப் படம் அனுப்புவது போன்றவை கட்டாயமாயின. 5இல் 80. 2019இல் வந்த யூஎஸ்பி4 இதன் அடித்தளத்திலிருந்து பிறந்ததுதான்.

ஒரே கேபிளில் இரண்டு மானிட்டர், லேன் (இன்டர்நெட் வயர்), ஹார்ட் டிஸ்க், சார்ஜ் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கும், 4கே வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும் தேவை. ஆபீஸ் வேலை, படிப்பு, நெட்ஃபிளிக்ஸ் என்று இருப்பவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

போன் சார்ஜரில் லேப்டாப்பைச் சார்ஜ் செய்யலாமா? வெடித்துவிடுமா?

டைப்-சி வழி சார்ஜ் ஏறும் லேப்டாப்பாக இருந்தால் போட்டுப் பார்க்கலாம், நல்ல சார்ஜராக இருக்கும்வரை வெடிக்காது. யூஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி என்கிறார்களே, அந்த முறையில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேசிக்கொள்ளும். "என்னால் 5, 9, 15, 20 வோல்ட் தர முடியும்" என்று சார்ஜர் சொல்லும், "எனக்கு 20 கொடு" என்று லேப்டாப் கேட்கும். பேச்சு முடிகிறவரை வெறும் 5 வோல்ட்தான் வரும். அதனால் 100 வாட் சார்ஜரில் 45 வாட் லேப்டாப்பைப் போட்டாலும் பயமில்லை, லேப்டாப் கேட்பதுதான் கிடைக்கும். 20 வாட் போன் சார்ஜரில் போட்டால் சில லேப்டாப் நத்தை வேகத்தில் ஏறும், சில "மெதுவான சார்ஜர்" என்று புலம்பும், சில கண்டுகொள்ளவே செய்யாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போனோடு வந்த சார்ஜரில் 80 வாட், 100 வாட் என்று போட்டிருக்கும். அது பல நேரம் அந்தப் போன் கம்பெனியின் சொந்த முறையில், அவர்கள் போனுக்கு மட்டும் கிடைக்கிற 80. பிடி முறையில் லேப்டாப்புக்கு அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் தரும். சார்ஜரில் இருப்பது டைப்-ஏ ஓட்டை என்றால் பிடி என்ற பேச்சுக்கே இடமில்லை. சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் "20 வோல்ட், 3.25 ஆம்பியர்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கினால் 65 வாட், பெரும்பாலான சாதாரண லேப்டாப்புக்கு அது போதும்.

கேபிளும் முக்கியம். சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதன் தலைக்குள் "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்ல ஒரு குட்டிச் சிப் இருக்கும். 2021க்குப் பிறகு இந்த முறையில் 240 வாட் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் டைப்-சி சார்ஜிங் கட்டாயம் என்று விதி வைத்துவிட்டார்கள், அதனால் உருண்டைப் பின் சார்ஜர்கள் மெல்ல மறையும் என்றுதான் நினைக்கிறேன்.

உருண்டைப் பின் சார்ஜர் என்றால் எது வேண்டுமானாலும் போடலாமா? ஓட்டைக்குள் சரியாகப் போகிறதே.

கூடாது. இங்கே மேலே சொன்ன பேச்சுவார்த்தை இல்லை, சார்ஜர் தருகிற வோல்ட் அப்படியே உள்ளே போகும். பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட், ஆனால் வேறும் உண்டு. வோல்ட் பொருந்த வேண்டும், பிளஸ் மைனஸ் பொருந்த வேண்டும், ஆம்பியர் பழைய சார்ஜருக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. சில கம்பெனிகள் பின் நடுவே மெல்லிய ஊசி ஒன்றை வைத்து, அதன் வழியாகச் சார்ஜர் யார் என்று கேட்கும். அந்த ஊசி வளைந்துபோனால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றிவிட்டு, அப்புறம் சார்ஜர்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஆள் நான்.

எச்டிஎம்ஐ இருக்கிறது. செட்டாப் பாக்ஸை லேப்டாப்பில் மாட்டிப் படம் பார்க்கலாமா?

முடியாது. லேப்டாப் எச்டிஎம்ஐ வெளியே அனுப்புகிற வாசல் மட்டும், உள்ளே வாங்காது. உள்ளே வாங்க கேப்சர் கார்டு என்று தனியாக ஒன்று வாங்கி யூஎஸ்பியில் மாட்ட வேண்டும்.

வெளியே அனுப்புவதில் இரண்டு குறிப்பு. டிவியில் படம் வந்து சத்தம் லேப்டாப்பிலேயே கேட்டால், கீழே ஸ்பீக்கர் குறியைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுங்கள். 4கே டிவியில் மவுஸ் இழுக்கிற மாதிரி இருந்தால் உங்கள் லேப்டாப்பில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம், அது 4கேயில் நொடிக்கு 30 படம்தான் அனுப்பும். 2013இல் வந்த 2.0 என்றால் 60. ஓட்டை? இரண்டுக்கும் அச்சு அசல் ஒன்றுதான்.

கல்லூரியில் புரொஜெக்டருக்கு இன்னும் அந்த நீல நிறப் பதினைந்து பின் கேபிள்தான். என்ன செய்வது?

அது விஜிஏ, 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது, கருத்தரங்கக் கூடங்களில் இன்னும் சாகவில்லை. எச்டிஎம்ஐ டூ விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக், அதனால் நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு சிப் வேண்டும், வெறும் கேபிள் வேலைக்கு ஆகாது. திசையும் முக்கியம்: விஜிஏ டூ எச்டிஎம்ஐ என்பது வேறு சாமான். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் அவசரத்தில் கேட்டால் எதையாவது கையில் திணித்துவிடுவார்கள், லேப்டாப் பக்கம் எது, புரொஜெக்டர் பக்கம் எது என்று சொல்லியே கேளுங்கள். விஜிஏயில் சத்தம் போகாது, அதற்குத் தனி ஆடியோ வயர். மாட்டியும் படம் வரவில்லையா, விண்டோஸ் கீயோடு பி அழுத்தி "டூப்ளிகேட்" கொடுங்கள்.

ஹெட்செட் மைக் வேலை செய்யவில்லை. காதில் கேட்கிறது, பேசினால் அந்தப் பக்கம் கேட்கவில்லை.

ஹெட்செட் பின்னைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக் உண்டு, இரண்டு இருந்தால் கேட்க மட்டும்தான். பச்சை, பிங்க் என்று இரண்டு பின் வரும் பழைய ஹெட்செட் என்றால், இரண்டையும் ஒன்றாக்கும் ஒய் வடிவ வயர் வாங்கினால் போதும்.

லேன் கேபிள் மாட்டினாலும் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. 200 பிளான் போட்டிருக்கிறேன்.

பலரும் நெட் கம்பெனியைத் திட்டுவார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு முறை தப்பு கேபிளில். லேன் கேபிளில் எட்டுக் கம்பி உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், நான்கு மட்டும் ஒழுங்காக இருந்தால் 100 மெகாபிட்டில் இறங்கிவிடும், அந்த 100இல் நிஜமாகக் கையில் கிடைப்பது 94 சொச்சம். ஆகவே 94இல் நிற்கிறது என்றாலே கேபிளை மாற்றிப் பாருங்கள். லேன் ஓட்டையே இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால், யூஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது "ஜிகாபிட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மலிவானவை பல 100தான். ரவுட்டரின் லேன் ஓட்டையும் 100 ஆக இருந்தால், பாவம், கேபிள் என்ன செய்யும்.

வயர்லெஸ் மவுஸ் ஹார்ட் டிஸ்க் மாட்டும்போது மட்டும் தடுமாறுகிறதே?

பேய் இல்லை. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், உங்கள் மவுஸின் டாங்கிள், அதாவது யூஎஸ்பியில் சொருகும் அந்தக் குட்டி ரிசீவர், பேசுவதும் அதே அலைவரிசையில். டாங்கிளை மறு பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்தாலும் சரியாகும்.

டைப்-சி கேபிள் தளர்ந்துவிட்டது, தொட்டால் விழுகிறது. போர்ட் மாற்ற வேண்டுமா?

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டைப்-சி பத்தாயிரம் முறை சொருகி எடுக்கத் தாங்கும்படி வடிவமைத்தது, அவ்வளவு சீக்கிரம் தேயாது. பையில் இருக்கும் பஞ்சும் தூசியும் அடியில் அடைந்து பின் முழுதாகப் போகாமல் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மரப் பல்குச்சியால் ஓரமாக மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் அப்புறம் நிஜமாகவே போர்ட் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு லேப்டாப்பை இரண்டு பக்கமும் டைப்-ஏ இருக்கும் கேபிளால் இணைத்து ஃபைல் மாற்றலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் 5 வோல்ட்டைத் தள்ளும், போர்ட் போகலாம். ஒரு லேன் கேபிளை இரண்டுக்கும் நடுவே மாட்டுங்கள், இப்போதைய லேப்டாப்புகள் தாமே சரிசெய்துகொள்ளும்.

புதிதாக வாங்கும்போது எந்த ஓட்டைகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்?

என் கணக்கு இது: சார்ஜும் படமும் இரண்டும் போகிற டைப்-சி ஒன்றாவது, டைப்-ஏ இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று, ஹெட்போன் ஜாக். 2015இல் ஆப்பிள் ஹெட்போன் ஜாக் தவிர ஒரே ஒரு டைப்-சி மட்டும் வைத்து ஒரு மேக்புக் விட்டது, சார்ஜ் போட்டால் பென்டிரைவ் மாட்ட இடமில்லை. ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் ஹப் வாங்கினால் தீரும்தான், ஆனால் ஹப்பை வீட்டில் மறந்து வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போகிற சுகம் எனக்குத் தெரியும். முடிந்தால் சார்ஜ் ஓட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் பாருங்கள், உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஓரத்தில் கடைசியாக ஒரு குட்டிச் செவ்வக ஓட்டை. எதைச் சொருகினாலும் போகவில்லை. இது என்ன?

பூட்டு மாட்டுகிற இடம். கென்சிங்டன் லாக் என்பார்கள். இரும்புக் கயிற்றின் ஒரு முனையை மேசைக் காலில் சுற்றி, மறு முனையை இதற்குள் விட்டுத் திருப்பினால் லேப்டாப்பை யாரும் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஷோரூமில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்புகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே பின் இல்லை, கரண்ட் இல்லை, டேட்டா இல்லை. என் மாமா ஒருவர் இதை மைக் என்று நினைத்து ஆறு மாதம் வீடியோ காலில் அதன் பக்கம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.